கொஞ்சம் நகருங்க

உதவி செய்பவர்களில் பல வகை உண்டு. கேட்டால் செய்பவர், கேட்காமலே செய்பவர், செய்துவிட்டு ஊரெல்லாம் சொல்பவர், சொல்லாமல் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிபவர். இவர்களெல்லாம் பழைய ஆட்கள். மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்த புது இனம் ஒன்று இருக்கிறது. அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்காததால் நாமே வைத்துவிடுவோம்: நகருங்கர்.

நகருங்கரை அடையாளம் காண்பது எளிது. நேற்று வரை திரையில் இருந்த ஏதோ ஒன்று இன்று காணாமல் போய்விடுகிறது. அல்லது பாதிப் பக்கம் மட்டும் பிரிண்ட் ஆகிறது. நீங்கள் கூப்பிடுகிறீர்கள். அவர் வருகிறார், கூப்பிடும் தூரத்தில்தான் எப்போதும் இருக்கிறார். என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. நீங்கள் சொல்ல வாயெடுக்கும்போதே உங்கள் நாற்காலியின் முதுகில் அவருடைய கை விழுகிறது.

"கொஞ்சம் நகருங்க."

நீங்கள் எழுந்துவிடுகிறீர்கள். எழாமல் இருந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அவரோ முழுதாக உட்காருவதில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவர் போல நாற்காலியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, மௌஸை இங்கே ஒரு இழுப்பு, அங்கே இரண்டு தட்டு, ஒன்று திறந்து ஒன்று மூடி, மூடியதை மறுபடி திறந்து, நீங்கள் கண்ணைச் சிமிட்டி முடிப்பதற்குள் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிடுகிறது. "அவ்ளோதான்" என்கிறார். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, ஒரு சின்ன செட்டிங்" என்கிறார். நன்றி சொல்கிறீர்கள். மறுநாள் அதே பொருள் அதே இடத்தில் காணாமல் போகிறது. கூப்பிடுகிறீர்கள்.

"இந்த ஆபீஸ்ல என்னை ஒரு நிமிஷம் உட்கார விடமாட்டாங்க" என்று அலுத்துக்கொண்டே அவர் எழுந்து வருவார். வரும்போது நடையைப் பாருங்கள். அலுப்பில் வருகிற நடையா அது?

செஞ்சியில், திண்டிவனம் சாலையில், விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு நிலக்கடலைக் கொள்முதல் கம்பெனி இருக்கிறது. நிலக்கடலை என்பது அச்சில் வரும் பெயர்; இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றால்தான் மூட்டை இறங்கும். அங்கே போனால் முழு வளர்ச்சி அடைந்த நகருங்கர் ஒருவனைக் காணலாம். பெயர் எழில். சொந்த ஊர் வல்லம். பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். பெற்றோர் காலமெல்லாம் அடுத்தவர் புன்செய்க் கொல்லையில் கடலை பிடுங்கியவர்கள். மகன் கடலையைத் தொடாமல் கடலைக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறான். அறுவடை முடிகிற ஒவ்வொரு முறையும் "அடுத்த சீசனுக்குப் பாக்கலாம்பா" என்று சொல்லி அனுப்பி, அடுத்த சீசன் வந்ததும் கூப்பிட்டுக்கொள்கிற வேலை.

மேலாளர் விருஷபதாஸ் நயினார். சமணர்; பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சாப்பிட்டுவிட வேண்டியவர். இருட்டிய பிறகு ஒரு பருக்கை தொடமாட்டார். ஆகவே எந்தக் கையெழுத்தாக இருந்தாலும் சூரியன் ராஜகிரி மலைக்கு மேலே இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும். கணக்கு பார்ப்பவர் ஜினப்பிரியா. தொண்டூரில் பிறந்து, செஞ்சியில் வாழ்க்கைப்பட்டு, மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு அதைத் தேடுகிறவர். எழில் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அறுவடை சமயத்தில் எல்லா ஊர் டிராக்டரும் ஒரே நாளில் வந்து நின்றால் கிடங்கும் தாங்காது, சாலையும் தாங்காது. அதனால் நாளைக்கு எந்த ஊர், அந்த ஊரில் யார் யார் என்று முதல் நாளே டோக்கன் போட்டுப் போனுக்குச் செய்தி அனுப்புவார்கள். முன்பு ஜினப்பிரியா ஒவ்வொருவராக அழைத்துத் தொண்டை கட்டிக்கொள்வார். எழில் வந்து எக்செல்லில் ஒரு மேக்ரோ எழுதினான். பச்சையாக ஒரு பொத்தான். அமுக்கினால் ஒரு பெட்டி திறந்து, எந்த ஊர்ப் பட்டியல் என்று கேட்கும். ஃபைலைக் காட்டி ஓகே கொடுத்தால் அத்தனை பேருக்கும் செய்தி போய்விடும். நல்ல காரியம். கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை.

அந்தப் பெட்டி எந்த ஃபோல்டரில் போய்த் திறந்தது என்பதில்தான் கேலிக்கு இடம் இருக்கிறது.

ஊர்ப் பட்டியல்கள் இருப்பது டி டிரைவில். அதற்குள் கொள்முதல், அதற்குள் இந்த வருடம், அதற்குள் இந்த மாதம். பெட்டி திறப்பதோ சி டிரைவில் ஒரு மூலையில். அங்கே நயினாரின் பேத்தி காது குத்து அழைப்பிதழ், யாரோ ஒருவரின் ஹால் டிக்கெட், போன வருடம் எழில் சோதனைக்காகப் போட்டுவைத்து அழிக்க மறந்த சில பழைய பட்டியல்கள், இவைதான் குடியிருந்தன. அங்கிருந்து வெளியே வந்து, டிரைவ் மாறி, மூன்று வாசல் நுழைந்தால்தான் தொண்டூரைப் பார்க்க முடியும்.

"எதிர்க்க இருக்கிற டீக்கடைக்குப் போவறதுக்கு ராஜகிரி ஏறி எறங்கணுமா?" என்று ஜினப்பிரியா ஒருநாள் கேட்டார். "எழிலு, இது நேரா அங்கயே போய்த் தெறக்குற மாதிரி பண்ண முடியாதா?"

எழில் நெற்றியைச் சுருக்கினான். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் உறவினர்களிடம் பேசுவதற்கு முன் சுருக்குவாரே, அந்தச் சுருக்கம்.

"கஷ்டம்க்கா. அது உள்ள கோடிங்ல இருக்குது. அதைத் தொட்டா வேற எங்கனா புடுங்கிக்கும்."

"ஐயய்யோ, அப்ப வேணாம் விடு."

எவ்வளவு கஷ்டம்? ஒரு வரி. மிஞ்சினால் இரண்டு வரி. எழுதி முடிக்க, டீ ஆறுகிற நேரம் கூட ஆகாது. அது எழிலுக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் எழுதவில்லை?

கெட்ட எண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள். நகருங்கர்களில் கெட்டவர்களே கிடையாது. அதனால்தான் அவர்களைத் திட்டவும் முடிவதில்லை. தினமும் பிற்பகலில், வெயில் ஜன்னல் கம்பிக்கு வரும்போது, "எழிலு, ஓடியா, பெட்டி தெறந்துட்டேன்" என்று ஜினப்பிரியா குரல் கொடுப்பார். எடை மேடையில் நிற்கிற டிராக்டர்காரர்கள் கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். எழில் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, அந்த நீள அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடப்பான். நயினார் தலையைத் தூக்கிப் பார்த்து, "இவன் இல்லன்னா நமக்கெல்லாம் கண்ணே தெரியாது" என்பார். "கொஞ்சம் நகருங்க்கா." தட், தட், தட். டி, கொள்முதல், வருடம், மாதம். "அவ்ளோதான்." அறையே மூச்சு விடும். அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் பிற்பகல் எப்படிப் போகும்? அவன் யோசித்துப் பார்த்திருக்கிறான். வெயில் ஜன்னலுக்கு வரும், போகும். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நகருங்கர் ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. எழில் படித்த கல்லூரியில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். நடுவில் உட்கார்பவன் கையில் மௌஸ். நடுவில் உட்கார்பவன் யார்? வீட்டில் ஏற்கெனவே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவன். எழில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதித் திரையைப் பக்கவாட்டில் பார்த்து, முதல் இரண்டு வருடம் படித்தான். ஒருநாள் துணிந்து கையை நீட்டியபோது நடுவில் இருந்தவன் சொன்னான்: "நீ நகருடா, நான் பண்றேன். லேட்டாவுது." அவன் மீதும் தப்பில்லை. லேட்டாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது.

பிறகு எழிலுக்குக் கையில் மௌஸ் கிடைத்தது. கிடைத்ததை அவன் விடவே இல்லை. தெருவில் யாருக்கு ஹால் டிக்கெட் வேண்டுமானாலும், யார் போனில் ரேஷன் கார்டு எண் கேட்டாலும் போன் நேராக எழில் கைக்கு வரும். "குடு, நான் பண்றேன்." அந்தத் தெருவுக்குப் படிப்பு வந்ததே தாமதமாகத்தான்; வந்த படிப்பு, பஸ்ஸில் கஷ்டப்பட்டு ஜன்னல் சீட் பிடித்த ஆள் மாதிரி, இறங்குகிற வரை எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டது. சொல்லிக் கொடுத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு? இந்தக் கேள்வியை எழில் வாய்விட்டுக் கேட்டதில்லை. படுக்கும்போது ஓரிரு தடவை வந்து போயிருக்கிறது. புரண்டு படுத்தான்.

இப்படி இருக்கும்போதுதான் சென்னையிலிருந்து அந்த மெயில் வந்தது.

விதை, உரம், மோட்டார் விற்கிற ஒரு பெரிய கம்பெனி. ஊர் ஊராகக் கிளை. கிளைகளில் கம்ப்யூட்டர் முன்னால் திணறுகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து வழி சொல்ல ஆள் வேண்டுமாம். நிரந்தர வேலை. புதன்கிழமை நேர்முகம். "அடுத்த சீசனுக்குப் பாக்கலாம்" என்ற வாக்கியத்தை இனிக் கேட்கவே வேண்டாம். எழில் மெயிலை மறுபடி மறுபடி படித்தான்; இது கிடைக்காவிட்டால் இன்னொன்று எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியாது.

அப்பா துரைக்கண்ணு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா வேலடா அது?"

"கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறது நைனா. போன்லயே."

"அட, அதத்தான நீ பொழுதன்னிக்கும் பண்ணினு கீற! இதுக்கு இன்னாத்துக்குப் பரீட்ச? போனதும் குடுத்துடுவான் பாரு."

எழிலுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரே சிக்கல், புதன்கிழமை தொண்டூர் டோக்கன். மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது. பிடுங்கிப் போட்ட கடலை களத்தில் கிடந்து நனைந்தால் கறுத்துவிடும். கறுத்த கடலையை யார் எடுப்பார்கள்? லீவு கேட்டபோது நயினார் முகம் வாடியது. "போய்ட்டு வாப்பா, நல்லது நடக்கட்டும். ஆனா நாளைக்கு இங்க யாரு…?"

அந்த "ஆனா" எழிலுக்கு இனித்தது. இருந்தாலும் போக வேண்டும். செவ்வாய் மாலை தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒத்திப்போட்டுக்கொண்டே வந்த அந்த ஒரு வரியை எழுதிவிட்டான்: பெட்டி திறக்கும்போது நேராக டி டிரைவில் இந்த மாதத்து ஃபோல்டருக்குப் போ. பச்சைப் பொத்தானை அமுக்கினான். போயிற்று. இன்னொரு தடவை. போயிற்று. ஜினப்பிரியாவின் கம்ப்யூட்டரில் அதை ஏற்றிவிட்டு, வழக்கம்போலச் சொன்னான்.

"நாளைக்கு அதுவே சரியான எடத்துல போய் நிக்கும்க்கா. தொண்டூர்னு இருக்கும். அதக் கிளிக் பண்ணி ஓகே குடுங்க. வேற எதையும் தொடாதீங்க."

"ஒரு தடவ நான் பண்ணிப் பாத்துடட்டுமா?"

"தேவையே இல்லக்கா. நான் பாத்துட்டேன்."

அவன் பார்த்தது தன் கம்ப்யூட்டரில். அன்று காலையிலிருந்து அவன் டி டிரைவிலேயே உருண்டுகொண்டிருந்தான். எக்செல்லும் அங்கேயே நின்றிருந்தது. ஃபோல்டர் மாற்ற ஒரு வரி, டிரைவ் மாற்ற இன்னொரு வரி என்று இரண்டு எழுத வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் எழுதினான். தொண்டூரில் இறங்கணும் என்று கண்டக்டரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு, ஆளைத் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏற்றி அனுப்பியது போல. ஜினப்பிரியாவின் கம்ப்யூட்டர் சி டிரைவில் இருந்தது. அந்த வரியை அது மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியைப் பழைய மூலையிலேயே திறந்தது. மூலையில் என்ன இருந்தது? எழில் அழிக்க மறந்த, போன வருடத்துத் தொண்டூர்.

புதன்கிழமை, கிண்டியில், குளிர்ந்த ஒரு கூடத்தில், தேய்த்த சட்டை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த எழிலின் போன் அடித்தது. ஜினப்பிரியா. பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "ஆபீஸ்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு எடுத்தான். நான் இல்லாமல் பாதி நாள் கூடத் தாங்கவில்லை பாருங்கள் என்று அந்த உதடு சொன்னது.

"எழிலு, இன்னா பண்ணி வச்சிட்டுப் போன? நீ சொன்னாப்பல தொண்டூர்னு இருந்துது, ஓகே குடுத்தேன். தொண்டூர் பவுனம்மா போன் போட்டுக் கத்துது. அவங்க வூட்டுக்காரர் பேருக்கு டோக்கன் போயிருக்குதாம்."

"அதனால என்னக்கா?"

"அவரு செத்து தெவசமே வரப் போவுதுடா!"

எழில் எழுந்து நின்றுவிட்டான். "அக்கா, அது பழைய ஃபைலு. டி டிரைவுக்குப் போங்க."

"அது எங்க இருக்குது?"

இந்தக் கேள்விக்கு அவனுக்குப் பதில் தெரியும். ஆயிரம் தடவை போயிருக்கிறான். ஆனால் போனது கை. வாய் ஒருநாளும் கூடப் போனதில்லை.

"அந்தப் பெட்டியில… லெஃப்ட்ல இருக்கும்ல… மேல… இல்ல, கொஞ்சம் கீழ… அத இப்படி எறக்குங்க… இப்படிக்கா, இப்படி."

அவன் கை காற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியவர் மட்டும் செஞ்சியில் இருந்தார்.

"எப்படிடா? எனக்கு இன்னா தெரியுது உன் கையி?"

"விடுங்க்கா, அப்படியே வச்சிருங்க. காலையில வந்து நான் பாத்துக்கறேன்."

"காலையிலயா? இங்க மானம் மழைக்குக் கருக்கினு கீது. நயினாரு இன்னும் செத்த நேரத்துல சாப்பாட்டுக்குக் கெளம்பிடுவாரு. அதுக்குள்ள…"

"எழில்!" என்று உள்ளே கூப்பிட்டார்கள். போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

உள்ளே பாரதி என்ற ஒரு அம்மையார். நல்லபடியாகப் பேசினார். அவன் செய்த டோக்கன் மேக்ரோவைப் பற்றிக் கேட்டுப் புருவத்தை உயர்த்தினார். பிறகு சொன்னார்:

"ஒரு சின்ன வேலை தம்பி. அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்க மீனம்பாள் உட்கார்ந்திருக்காங்க. திருக்கோவிலூர் கிளைன்னு வச்சுக்குங்க. அவங்க மேக்ரோல ஃபைல் கேக்கற பெட்டி தப்பான ஃபோல்டர்ல திறக்குது. இந்தப் போன்ல பேசி, அவங்களையே சரி பண்ண வைங்க."

எழிலுக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. இவர்களுக்கு எப்படித் தெரிந்தது? ஒன்றும் தெரியாது. இந்த நாட்டில் எந்த ஆபீஸிலும் அந்தப் பெட்டி சரியான இடத்தில் திறப்பதில்லை, அவ்வளவே.

"வணக்கம் மேடம். முதல்ல மேல பாருங்க."

கண்ணாடிக்கு அப்பால் மீனம்பாள் நிமிர்ந்து பார்த்தார். "மேல ஃபேன் இருக்குதுங்க சார்."

"அங்க இல்ல, ஸ்க்ரீன்ல மேல. டெவலப்பர்னு."

"வரிசையா நெறய இருக்குதே. எதுங்க?"

"அதுதான் மேடம், அந்தப் பக்கம். இல்ல, தாண்டிட்டீங்க. பின்னால வாங்க. ரொம்பப் பின்னால போயிட்டீங்க."

மீனம்பாளின் மௌஸ் அம்பு சந்தையில் பிள்ளையைத் தேடுகிறவள் மாதிரி அலைந்தது. சரியான இடத்துக்குப் பக்கத்தில் வரும், நிற்கும், யோசிக்கும், திரும்பிப் போகும். எழிலின் கழுத்தில் நரம்பு புடைத்தது. வலது கை விரல்கள் மேசையில் தட்டின. தொடையில் தட்டின. அப்புறம் நடந்ததை அவன் முடிவெடுத்துச் செய்தான் என்று சொல்ல முடியாது. கால் எழுந்தது. கதவைத் திறந்தது. நடைவழியைக் கடந்து அடுத்த கதவையும் திறந்தது. காதில் வைத்த போன் காதிலேயே இருந்தது; ஆகவே மீனம்பாளுக்கு அந்தக் குரல் போனுக்குள்ளிருந்தும் தோளுக்குப் பின்னாலிருந்தும் ஒரே சமயத்தில் கேட்டது.

"கொஞ்சம் நகருங்க மேடம்."

அவர் நகர்ந்தார். எல்லோரும் நகர்வார்கள். தட், தட், தட். டிரைவுக்கு ஒரு வரி, ஃபோல்டருக்கு ஒரு வரி. முதல் வரியை அடிக்கும்போதே செஞ்சியில் எதை விட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. பெட்டி சரியான ஃபோல்டரில் திறந்தது.

"அவ்ளோதான்" என்று நிமிர்ந்து, கண்ணாடி வழியாகப் பார்த்தான். பாரதி பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நல்லா வேகமா பண்றீங்க தம்பி. திருக்கோவிலூருக்கும் இப்படித்தான் எழுந்து போவீங்களா?"

எழில் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தான். மீனம்பாள் மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் இன்னொரு தடவை ஆள் எடுக்கறோம். அதுக்கு மேல எடம் இருக்காது. வாங்க. சும்மா வராதீங்க, யாரையாவது உட்கார வச்சு, தொடாம, வாயால ஒரு வேலை செய்ய வச்சுப் பழகிட்டு வாங்க."

தாம்பரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் போனை உயிர்ப்பித்தான். ஜினப்பிரியாவிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். பிறகு ஒரு இடத்தில் நின்றுவிட்டிருந்தன. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. நிம்மதி தர வேண்டிய விஷயம். தந்ததா? திண்டிவனம் வரும் வரை அவன் மனதில் டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன, மூட்டைகள் நனைந்தன, நயினார் பசியோடு வாசலில் நின்று சென்னைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஏதாவது நடந்திருக்கட்டும் என்று தான் ஆசைப்படுவது தெரிந்ததும் வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொரு முறை போனைப் பார்த்தான்.

வியாழன் காலை கம்பெனி வாசலில் தொண்டூர் டிராக்டர்கள் ஒழுங்காக வரிசையில் நின்றன. மழை தூறலோடு ஏமாற்றிவிட்டுப் போயிருந்தது. பவுனம்மாள் தன் மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"நீதானா அந்த டோக்கன் புள்ள?" என்றார் எழிலைப் பார்த்து. "எங்க வூட்டுக்காரருக்கு அனுப்பியே, அவரு வந்து மூட்டைய எட போட்டுட்டாரா? உசுரோட இருந்தப்பவே ஒரு மூட்ட தூக்காத மனுசன்பா அது!"

வரிசையே சிரித்தது. எழிலும் சிரிக்க வேண்டியதாயிற்று.

உள்ளே ஜினப்பிரியா. "வாடா. வேல கெடச்சுதா?"

"இல்லக்கா. அடுத்த மாசம் வரச் சொன்னாங்க." பிறகு, பொறுக்க மாட்டாமல்: "நேத்து எப்படிக்கா சமாளிச்சீங்க?"

"தப்பா போனவங்களுக்கு நயினாரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போன் போட்டு வராதீங்கன்னு சொன்னோம். சாப்பிடாமலே ஒக்காந்தாரு பாவம். பொழுது போயிட்டுது, ராத்திரி பட்டினி."

"ஃபைலு?"

"அந்தப் பெட்டியில இருக்கிற எல்லாத்தையும் ஒண்ணொண்ணா அமுக்கிப் பாத்தேன். ஒண்ணும் வெடிக்கல. ஒரு அமுக்கு அமுக்கறப்ப டி வந்துது."

வெடிக்கும் என்று இவ்வளவு காலம் சொல்லி வைத்திருந்தது யார்?

"ஆனா தெனம் இந்த மல ஏற என்னால ஆவாது," என்று ஜினப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு வல்லம் டோக்கன் போடணும். அதுக்குள்ள அந்தக் கோடிங்ல எழுத வேண்டியத நானே எழுதறேன். நீ வாயால சொல்லு. ஏய், எங்க வர? அங்கயே நில்லு, வெளிச்சத்த மறைக்கற."

எழில் அங்கேயே நின்றான். அடுத்த மாதம், கண்ணாடி, பேனாவை மூடிய கை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றால் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டான்.

"ஆல்ட்னு ஒரு பட்டன் இருக்கும்க்கா. அத அமுக்கினு, மேல் வரிசையில எஃப் லெவன்."

ஜினப்பிரியா கண்ணாடியைத் தேடினார். தலையில் இருந்தது. இறக்கி மாட்டினார். முந்தானையால் துடைத்து மறுபடி மாட்டினார். "ஆல்ட் ரெண்டு இருக்குதே. எது?"

"எதுன்னாலும்."

"எதுன்னாலும்னா எது?"

"லெஃப்ட்ல இருக்கிறது."

இடது கை விரல் அதில் அழுந்தியது. வலது கை ஆள்காட்டி விரல் மேல் வரிசைக்கு ஏறி, எஃப் ஒன்னில் நின்றது. "எஃப் ஒன்னு," என்று வாய்விட்டுப் படித்தார். "எஃப் டூ. எஃப் த்ரீ." வாசலில் பவுனம்மாள் தண்ணீர் கேட்டார். விரலை எடுக்காமல் திரும்பி, பானை இருக்கும் மூலையைச் சொன்னார். டம்ளர் எங்கே என்பதையும் சொன்னார். திரும்பினார். "எதுல வுட்டேன்? சரி, மொதல்லேந்து வருவோம். எஃப் ஒன்னு. எஃப் டூ." எஃப் சிக்ஸில் ஒரு கடலைத் தோல் ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டினார். ஊதினார். விரலில் ஒட்டிக்கொண்டது. புடவையில் துடைத்தார். "எஃப் செவன்."

பின்னால் எழிலின் கைகள் ஒன்றையொன்று பிடித்தபடியேதான் இருந்தன. முகம் சிவந்திருந்தது, உதட்டைக் கடித்திருந்தான், கால் அசையவில்லை. இப்போதைக்கு அவனைப் பற்றிப் பயமில்லை.

பயம் உங்களைப் பற்றித்தான். அவர் மறுபடி எஃப் ஒன்னுக்குத் திரும்பியபோது, எஃப் லெவன் வலது கோடியில் இருக்கிறது என்று சொல்லக்கூடாதா என உங்களுக்குத் தோன்றவில்லை? கடலைத் தோலைச் சுரண்டிய நேரத்தில் இரண்டு வரிகளைத் தாண்டி, முடிந்ததா என்று கீழே பார்க்கவில்லை? மடியில் கிடந்த உங்கள் கை எப்போது இவ்வளவு தூரம் முன்னால் வந்தது? வீட்டில் யாராவது போனை நீட்டி, "இதுல ஒண்ணு கேக்குது" என்று ஆரம்பிக்கும்போது, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை கடைசியாக எப்போது காத்திருந்தீர்கள்?

பதில் சொல்ல அவசரமில்லை. ஜினப்பிரியா அக்கா இன்னும் எஃப் நைனில்தான் இருக்கிறார். அந்தக் கையைக் கொஞ்சம் பின்னால் எடுத்துக்கொள்ளுங்கள்.